மழை பெய்யும் நான்கு நாட்கள்: கவுண்டி கிரிக்கெட் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப் (மாவட்ட அணிகள் மோதும் நான்கு நாள் ஆட்டத் தொடர்) ஆட்டங்களில் மழை செய்யும் குழப்பங்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: முரளி விஜய் 2019-இல் சில ஆட்டங்களுக்காகச் சாமர்செட் அணியில் சேர்ந்தபோதுதான் அந்தக் கவுண்டியைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர் திரும்பி வந்துவிட்டார். நான் இன்னும் அங்கேயே இருக்கிறேன். அண்மையில் ஓர் ஆட்டத்தில் இரண்டு நாட்கள் முழுவதும் மழை. நான்காம் நாள் காலையில் முதல் இன்னிங்ஸே முடியவில்லை. வெற்றிக்கு வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இரண்டு அணிகளும் கடைசி வரை கடுமையாக ஆடின. டிராவாகப் போகும் ஆட்டத்தில் இத்தனை முனைப்பு எதற்கு?

பதில்: புள்ளிகளுக்காக. நீங்கள் ரன் பலகையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் புள்ளிப்பட்டியலையும் சேர்த்துப் பார்த்து ஆடியிருக்கிறார்கள்.

சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 16 புள்ளிகள். டிராவுக்கு உரிய புள்ளிகள் அடிக்கடி மாறி வந்திருக்கின்றன: 2023-இல் 5 ஆக இருந்தவை 2024-இல் 8 ஆக உயர்த்தப்பட்டன. இவற்றுக்கு அப்பால், ஒவ்வோர் அணியின் முதல் இன்னிங்ஸிலும் முதல் 110 ஓவர்களுக்குள் நடப்பவற்றுக்குத் தனியே ஊக்கப் புள்ளிகள் உண்டு. 2023-இல் வந்த அளவுகோலின்படி 250, 300, 350, 400, 450 ரன்களை எட்டும்போது மட்டையாடும் அணி ஒவ்வொரு புள்ளியாக ஐந்து வரை பெறும். 3, 6, 9 விக்கெட்டுகள் வீழும்போது பந்துவீசும் அணி மூன்று வரை பெறும். கூட்டிப் பாருங்கள்: 8 புள்ளிகள் தரும் ஒரு டிராவில் எல்லா ஊக்கப் புள்ளிகளையும் அள்ளிய அணிக்கு 16 கிடைக்கும். வெற்றியின் அடிப்படைப் புள்ளிகளும் அதே 16-தான். நான்கு நாட்களும் ஒரு பந்துகூட வீசப்படாமல் போன அணியோ 8 புள்ளிகளோடு வீடு திரும்பும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்காகத்தான் நீங்கள் பார்த்த அந்த நான்காம் நாள் ஆட்டம்.

மழை வந்ததும் இந்தக் கணக்கு எப்படி நெருக்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாளுக்கு 96 ஓவர்கள்; நான்கு நாட்களுக்கு 384. இரண்டு நாட்கள் போய்விட்டால் மீதி 192. ஆனால் இரண்டு அணிகளும் தங்கள் 110 ஓவர்களை முழுமையாக ஆட 220 ஓவர்கள் வேண்டும். யாராவது ஒருவர் குறைத்துக்கொள்ளாமல் முடியாது. முதலில் மட்டையாடும் அணி 90 ஓவர்களில் 5 விக்கெட்டுக்கு 350 ரன்கள் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகள் கைக்கு வந்துவிட்டன. மீதமுள்ள 20 ஓவர்களையும் ஆடி 450-ஐ எட்டினால் மேலும் இரண்டு. ஆனால் அப்படிச் செய்தால் எதிரணியின் 9 விக்கெட்டுகளை வீழ்த்த 82 ஓவர்கள் மட்டுமே மிஞ்சும்; உடனே டிக்ளேர் செய்தால், அதாவது தன் இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டால், 102 ஓவர்கள் கிடைக்கும். வானிலை அறிக்கை மாலையில் மீண்டும் மழை என்று சொன்னால் இந்த எண்களும் பொய்யாகிவிடும். அணித்தலைவர் மைதானத்தின் மேற்குப் பக்கத்து வானத்தை ஏன் அத்தனை முறை பார்க்கிறார் என்பது இப்போது புரியும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று 2010 செப்டம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டம். சாமர்செட் அன்பரான உங்களிடம் அதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. பருவத்தின் கடைசிச் சுற்று அது. நாட்டிங்கம்ஷயர் லங்காஷயரோடு மோதிய அந்த ஆட்டத்தின் முதல் மூன்று நாட்களில் பெரும்பகுதியை மழை கொண்டுபோய்விட்டது. கடைசி நாளில் கோப்பை வேண்டுமென்றால் நாட்டிங்கம்ஷயருக்கு ஆறு ஊக்கப் புள்ளிகள் தேவைப்பட்டன: அன்றைய விதிப்படி 400 ரன்களுக்கு ஐந்து, மூன்று விக்கெட்டுகளுக்கு ஒன்று. ஆடம் வோஜஸ் 126 ரன்கள் அடித்தார். 9 விக்கெட்டுக்கு 400 என்ற நிலையில் டிக்ளேர் செய்துவிட்டு, மங்கும் வெளிச்சத்தோடு போட்டியிட்டுப் பந்துவீசினார்கள். ஐந்து ஓவர்கள் நிறைவடைவதற்குள் லங்காஷயர் 11 ரன்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. தங்கள் ஆட்டத்தை டர்ஹமில் டிராவாக முடித்துவிட்டுச் செய்திக்காகக் காத்திருந்த சாமர்செட்டும் நாட்டிங்கம்ஷயரும் 214 புள்ளிகளில் சமமாக நின்றன; கூடுதலாக ஒரு வெற்றி பெற்றிருந்த நாட்டிங்கம்ஷயருக்குக் கோப்பை போனது. வெற்றி தோல்வி இல்லாத ஓர் ஆட்டத்தில், பதினொரு ரன்களுக்குள் ஒரு பருவம் முழுவதும் தீர்மானிக்கப்பட்டது.

டிராவுக்கு 5-லிருந்து 8 ஆக உயர்த்தியது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மழையில் மாட்டிக்கொண்ட அணி பெரிதாகப் பின்தங்காமல் இருக்க அது உதவுகிறது என்பது உண்மைதான். எனினும் டிராவின் விலை ஏற ஏற, தோல்விக்கு அஞ்சாமல் வெற்றியைத் தேடும் துணிச்சலின் விலை இறங்குகிறது. எனக்கு 5-தான் பிடித்திருந்தது.

கேள்வி: மழை நின்று ஒரு மணி நேரமாகி, வெயிலும் அடிக்கிறது. விரிப்புகளை எடுத்துவிட்டார்கள். நடுவர்கள் வந்து காலால் புல்லை அழுத்திப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போய்விடுகிறார்கள். இது என்ன பிடிவாதம்?

பதில்: ஆடுகளம் காய்ந்திருக்கும், பிரச்சினை அங்கே இல்லை. விரிப்பு மூடாத வெளிக்களமும், மூடிய பகுதியின் ஓரங்களில் நீர் வழிந்து இறங்கும் இடங்களும்தான் நடுவர்களின் கவலை. வேகப்பந்து வீச்சாளர் ஓடிவரும் தடத்தில் ஓரடி இடம் ஈரமாக இருந்தாலும், முழு வேகத்தில் காலூன்றும்போது வழுக்கி முழங்காலோ கணுக்காலோ போய்விடக்கூடும். ஆட்டத்தைத் தொடர்வது ஆபத்தானது அல்லது முறையற்றது என்று நடுவர்கள் கருதினால் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே கிரிக்கெட் சட்டம்.

பருவ காலமும் இதில் பங்கு வகிக்கிறது. கோடையின் நடுப்பகுதியில் பெரும்பங்கை இருபது ஓவர், ஐம்பது ஓவர் போட்டிகளும் நூறு பந்துப் போட்டியும் எடுத்துக்கொள்வதால், நான்கு நாள் ஆட்டங்களில் பல ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்களுக்குத் தள்ளப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் மற்ற மாதங்களைவிட அதிகமாக மழை பெய்யும் மாதமன்று. ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும். அதே அளவு நீர் ஜூலையில் காய்வதைவிட ஏப்ரலில் காய நெடுநேரமாகும். கண்ணுக்குத் தெரியும் வெயில் வேறு, தரையைக் காயவைக்கும் வெயில் வேறு.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு வெளிச்சம் குறைந்தால் தொடர விருப்பமா என்று மட்டையாளர்களிடம் கேட்கும் வழக்கம் இருந்தது; 2010 முதல் அந்த முடிவு முழுவதும் நடுவர்களுடையது. ஓர் ஆட்டத்தில் முதன்முறை ஆட்டத்தை நிறுத்தியபோது ஒளிமானி காட்டிய அளவு, அந்த ஆட்டத்தின் எஞ்சிய நாட்களுக்கும் அளவுகோலாகிவிடும்.

கேள்வி: டக்வொர்த்–லூயிஸ் முறையை நான்கு நாள் ஆட்டத்துக்கும் வைத்தால் முடிவு கிடைக்குமே?

பதில்: கிடைக்காது. ஒவ்வோர் அணிக்கும் இத்தனை ஓவர்கள் என்று முன்கூட்டியே அளந்து கொடுத்த ஆட்டத்தில்தான், மழை எடுத்துக்கொண்ட ஓவர்களுக்கு ஈடாக இலக்கை மாற்றியமைக்க முடியும். நான்கு நாள் ஆட்டத்தில் எந்த அணிக்கும் ஓவர் ஒதுக்கீடு இல்லை. நேரம் இருவருக்கும் பொதுச்சொத்து. அதனால்தான் டிரா என்ற நான்காவது முடிவு அங்கே இருக்கிறது. கவுண்டி அணிகளே ஆடும் இருபது ஓவர் பிளாஸ்ட் போட்டியில் அந்த முறை உண்டு; இரண்டு அணிகளுக்கும் குறைந்தது ஐந்து ஓவர்களாவது கிடைத்தால் முடிவு அறிவித்துவிடலாம்.

கேள்வி: ஓர் இன்னிங்ஸை ஆடாமலேயே விட்டுக்கொடுத்ததாகப் படித்தேன். இது விதிகளுக்கு உட்பட்டதுதானா? எதிரணிக்கு வேண்டுமென்றே ரன்களை வாரிக் கொடுப்பதும் உண்டாமே, அது சூதாட்டமாகாதா?

பதில்: இன்னிங்ஸைக் கைவிடும் உரிமை அணித்தலைவருக்கு உண்டு. நாம் மேலே பேசிய அதே சாமர்செட், 2019 செப்டம்பரில் டாண்டனில் எசெக்ஸுக்கு எதிராக அதைப் பயன்படுத்தியது. கோப்பையை வெல்ல எசெக்ஸ் தோற்காமல் இருந்தால் போதும்; சாமர்செட்டுக்கோ வெற்றி வேண்டும். மழை பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. சாமர்செட் 203 ரன்கள் எடுத்தது. எசெக்ஸ் ஒரு விக்கெட்டுக்கு 102 என்று வசதியாக இருந்த நிலையிலிருந்து சரிந்து 141-இல் சுருண்டது. 62 ரன்கள் முன்னிலை. கையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம். மீண்டும் மட்டையாடினால் அந்த நேரமும் போய்விடும் என்பதால், சாமர்செட் தன் இரண்டாவது இன்னிங்ஸைக் கைவிட்டு 63 ரன்கள் இலக்கு வைத்தது. எசெக்ஸ் ஒரு விக்கெட்டுக்கு 45 ரன்களோடு நிதானமாக நின்று சாம்பியன் ஆனது. அந்தக் கடைசி நிமிடங்களில், ஓய்வு பெறவிருந்த சாமர்செட்டின் மார்கஸ் டிரெஸ்கோத்திக் மாற்று ஃபீல்டராக உள்ளே வந்து நின்றார். 1891-இல் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்த சாமர்செட், 2025 வரை ஒருமுறைகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

ரன்களை வாரிக் கொடுப்பது பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டு தலைவர்களும் பேசி, ஓர் அணி எளிய பந்துகளை வீசி ரன்களை விரைவாக ஏற விட, மற்ற அணி டிக்ளேர் செய்து எட்டக்கூடிய இலக்கொன்றைத் தருவது கவுண்டி கிரிக்கெட்டில் பழைய வழக்கம். 2016 செப்டம்பரில் லார்ட்ஸில், டிராவானால் கோப்பை சாமர்செட்டுக்குப் போய்விடும் என்ற நிலையில், மிடில்செக்ஸும் யார்க்ஷயரும் இப்படித்தான் 40 ஓவர்களில் 240 என்ற இலக்குக்கு உடன்பட்டன. டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுக்க, மிடில்செக்ஸ் 61 ரன்களில் வென்று சாம்பியன் ஆனது. பார்க்க அழகாக இராது. ஆனால் இலக்கு வைக்கப்பட்ட பிறகு இரண்டு அணிகளுமே உண்மையாக வெல்ல முயல்கின்றன என்பதால் அதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கும் சாமர்செட்டே எடுத்துக்காட்டு. 1979 மே மாதம், மழையால் ஒரு நாள் தள்ளிப்போன பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை ஆட்டமொன்றில், தோற்றாலும், அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற உதவும் விக்கெட் வீழ்த்தும் விகிதம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அணித்தலைவர் பிரையன் ரோஸ் ஒரே ஓவரில், நோ பாலால் கிடைத்த ஒரே ரன்னோடு டிக்ளேர் செய்தார். வூஸ்டர்ஷயர் பத்துப் பந்துகளில் வென்றது. விதி எதுவும் மீறப்படவில்லை; இருந்தும் சாமர்செட் அந்தப் போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பணம் கொடுத்து நுழைந்து ஓர் ஆட்டத்தைக் காண வந்தவர்களுக்கு ஆட்டமே இல்லாமல் செய்ததுதான் அங்கே குற்றமாகக் கருதப்பட்டது.

கேள்வி: மழைக்குப் பிறகு ஆடுகளம் பந்துவீச்சாளர்களுக்குச் சாதகமாகும் என்பார்கள். நம் சுழற்பந்து வீச்சாளர்கள் அங்கே ஆடும்போது மழை அவர்களுக்கு உதவுமா?

பதில்: ஒரு காலத்தில் உதவியது, இப்போது பெரும்பாலும் கெடுக்கிறது.

ஆடுகளத்தை மழைக்குத் திறந்து விட்டிருந்த நாட்களில், நனைந்து காயத் தொடங்கிய தரையில் பந்து ஓரிடத்தில் எகிறும், ஓரிடத்தில் நின்று வரும். கென்ட் அணியின் டெரெக் அண்டர்வுட் அத்தகைய களங்களில் எந்த மட்டையாளராலும் எதிர்கொள்ள முடியாத சுழற்பந்து வீச்சாளராக இருந்தார். 1975 ஜூன் 2 அன்று பக்ஸ்டனில் நடந்ததோ இன்னும் விசித்திரம். கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் அடித்த 167 ரன்களோடு லங்காஷயர் 5 விக்கெட்டுக்கு 477 எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. அடுத்த ஆட்ட நாளில் கோடைக் காலத்திலே பனி பெய்து மைதானம் வெள்ளையாகிவிட்டது. மறுநாள் அந்த ஈரத்தின்மீது வெயில் விழ, டார்பிஷயர் 42 ரன்களுக்கும் 87 ரன்களுக்கும் சுருண்டு, இன்னிங்ஸும் 348 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றது. நம் வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை ஆடிய கவுண்டி அதே டார்பிஷயர்தான்.

இப்போது ஆடுகளம் முழுமையாக மூடப்படுகிறது. அதனால் மழை நேரடியாக எதையும் செய்வதில்லை. மறைமுகமாகச் செய்வது சுழற்பந்து வீச்சாளருக்கு எதிரானது. அவருக்கு வேண்டியது தேய்ந்த தரை: பந்துவீச்சாளர்களின் காலணிகள் கிளறிய இடங்கள், வெயிலில் வெடித்த பிளவுகள். இவை ஆட்டம் நடந்தால்தான் உண்டாகும். இரண்டு நாட்கள் மழையில் போனால், நாட்காட்டியில் நான்காம் நாளாக இருப்பது ஆடுகளத்துக்கு இரண்டாம் நாள்தான். போதாக்குறைக்கு ஈரமான புல்லில் உருண்ட பந்து விரல்களுக்குப் பிடி கொடுப்பதில்லை. 2021 ஜூலையில் ஓவலில் சர்ரேவுக்காகப் பந்துவீசிய அஸ்வின் 27 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து, சாமர்செட்டை (மன்னிக்கவும், மீண்டும் அவர்கள்தான்) 69 ரன்களுக்குச் சுருட்டினார் என்றால், அதற்குக் காய்ந்து தேய்ந்த ஒரு களம் தேவைப்பட்டது. மூடிவைத்த களத்தின் ஈரப்பசையால் பயன் பெறுகிறவர்கள் நடுத்தர வேகத்தில் சீம் வீசுகிறவர்கள்தான்.

கேள்வி: முதல் நாள் முழுவதும் மழை பெய்தால் ஃபாலோ ஆன் (முதல் இன்னிங்ஸில் பெரிதும் பின்தங்கிய அணியை உடனே மறுபடி மட்டையாடச் சொல்வது) கணக்கு மாறுமா?

பதில்: சட்டப்படி மூன்று அல்லது நான்கு நாள் ஆட்டத்தில் 150 ரன்கள், இரண்டு நாள் ஆட்டத்தில் 100 ரன்கள் முன்னிலை வேண்டும். ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து மீதமுள்ள நாட்களே கணக்கில் வரும். ஆகவே நான்கு நாள் ஆட்டத்தின் முதல் நாள் மட்டும் போனால் மாற்றமில்லை. முதல் இரண்டு நாட்களும் போனால் 100 போதும். ஆனால் முதல் நாள் மாலையில் ஒரே ஒரு பந்து வீசப்பட்டிருந்தாலும் அது நான்கு நாள் ஆட்டம்தான்.

கேள்வி: மழைக்கு அஞ்சாமல் ஆதரிக்கத்தக்க கவுண்டி எது?

பதில்: வரைபடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் மழையில் பெரும்பகுதி அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்றோடு வருகிறது. வேல்ஸ் மலைகளிலும் பென்னைன் குன்றுகளிலும் ஏறும்போது கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே போகும்போது மெலிந்துவிடுகிறது. எனவே கிளமோர்கனின் கார்டிஃபும் லங்காஷயரின் மான்செஸ்டரும் நனைகிற பக்கம். எசெக்ஸின் செம்ஸ்ஃபோர்டு மழை மறைவுப் பக்கம். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் 1890, 1938 ஆகிய ஆண்டுகளின் ஆஷஸ் டெஸ்ட்கள் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டன. வூஸ்டரில் வானத்தைவிட ஆற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும்: செவர்ன் பெருகினால் நியூ ரோடு மைதானம் ஏரியாகிவிடும், 2007-இல் கோடையின் நடுவிலேயே அப்படி ஆனது. இருந்தாலும் அஸ்வின் 2017-இல் முதலில் ஆடப்போன கவுண்டி வூஸ்டர்ஷயர்தான் என்பதால் அதன்மேல் எனக்குச் சிறிது பற்று உண்டு.

கேள்வி: இங்கிருந்து ஆட்டத்தைத் தொடர்வதற்கு எந்த நேரத்தில் கண் விழித்திருக்க வேண்டும்?

பதில்: கண் விழிக்கவே தேவையில்லை. ஆட்டம் அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கினால் இந்திய, இலங்கை நேரப்படி பிற்பகல் 3:30. உணவு இடைவேளை மாலை 5:30-க்கு, தேநீர் இரவு 8:10-க்கு, ஆட்ட முடிவு 10:30 வாக்கில். மழை பெய்தால் இடைவேளைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். ஆகவே 5 மணிக்குத் திரையில் யாருமில்லை என்றால் உடனே இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம். கவுண்டிகள் தங்கள் ஆட்டங்களை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. பிபிசி வானொலியின் நேர்முக வர்ணனையும் உண்டு. மழை நேரத்தில் நான் வானொலியையே தேர்வு செய்வேன். விரிப்பு கிடக்கும் மைதானத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது; ஆனால் ஆட்டமே நடக்காத நேரத்தில் அந்த வர்ணனையாளர்கள் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நடுவர்கள் சற்றுத் தாமதமாகவே வரட்டும் என்று தோன்றிவிடும்.